ஓட்டுக்குள் ஒரு வெள்ளி: செயலவைத் தேர்தலில் காசு காணாமல் போகாமல் எண்ணும் முறை

போன ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் சி புளோக்கில் இருக்கும் மெக்கானிக் தம்பி, கையில் இரண்டு நாற்காலியோடு என் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, எங்க புளோக்ல பன்னிரண்டு பேரும் வந்து ஓட்டுப் போட்டோம். அந்தப் பன்னிரண்டும் எங்க போச்சு?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 31 ஆண்டு ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதியவள் நான். உள்ளே வந்த பொருள் எங்கே போனது என்று யாராவது கேட்டால் பேரேட்டைத் திறந்து காட்ட வேண்டும், அதுதான் என் வேலையாக இருந்தது. பெட்டிக்குள் வந்த 60 ஓட்டில் 30 ஓட்டு எதற்குப் பயன்பட்டது என்று காட்ட முடியாதது அன்று இரவு முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். அடுக்குமாடியின் நிர்வாகக் குழுவான செயலவைக்கு 5 இடம். சீட்டில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் டிக் போடலாம். 60 பேர் ஓட்டுப் போட்டார்கள். ஏ புளோக்கின் 30 பேரும் தங்கள் புளோக்கைச் சேர்ந்த அதே ஐந்து பேருக்கு டிக் போட்டார்கள். பி புளோக்கின் 18 பேர் டியூஷன் டீச்சருக்கும் நர்ஸ் அக்காவுக்கும் போட்டார்கள். சி புளோக்கின் 12 பேர் மெக்கானிக் தம்பிக்கு. இதில் கொஞ்சம் கலப்பும் உண்டு: சி புளோக்கில் 6 பேர் டீச்சருக்கும், பி புளோக்கில் 6 பேர் மெக்கானிக் தம்பிக்கும், ஏ புளோக்கில் 5 பேர் நர்ஸ் அக்காவுக்கும் டிக் போட்டிருந்தார்கள். கணக்குப் புரிவதற்காக எண்களைக் கொஞ்சம் சீராக்கிச் சொல்கிறேன்.

கூட்டிப் பார்த்தால் ஏ புளோக்கின் ஐவருக்கும் தலா 30, டீச்சருக்கு 24, நர்ஸ் அக்காவுக்கு 23, மெக்கானிக் தம்பிக்கு 18. முதல் ஐந்து பேர் ஐந்து இடத்துக்கும் போனார்கள். பாதிப் பேர் எல்லா இடத்தையும் எடுத்துக்கொண்டார்கள், மீதிப் பாதிக்கு ஒன்றும் இல்லை. யாரும் ஏமாற்றவில்லை. எண்ணும் முறையே அப்படித்தான் செய்யும்.

இதற்கு மருந்து பழையது. இடங்களை ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். ஒருவர் வென்றதும் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் ஓட்டு மதிப்பைக் குறைத்துவிட்டு அடுத்த சுற்றை எண்ண வேண்டும். 1890-களிலேயே ஸ்வீடன் கணிதவியலாளர் பிராக்மேனும் டென்மார்க் வானியலாளர் தீலேயும் இதற்கு ஆளுக்கொரு வழி சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அதை முதலில் தப்பாகத்தான் செய்தேன்.

பழைய சீட்டுகளை எடுத்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஒத்திகை பார்த்தேன். ஏ புளோக்கின் ஐவரும் சமமாக இருந்ததால் அவர்களுக்குள் சீட்டுக் குலுக்கி வரிசை போட்டேன். முதலில் ஓய்வுபெற்ற வாத்தியார், அடுத்து தேங்காய்க்கடை அண்ணன், மூன்றாவது லாரி மாமா. வாத்தியார் வென்றார். "சரி, இந்த 30 பேருக்கும் ஒரு ஆள் கிடைத்துவிட்டது" என்று அந்த 30 சீட்டையும் எடுத்து ஓரமாக வைத்தேன். அடுத்து டீச்சர், 24 சீட்டு ஓரமாகப் போனது. மிச்சம் 6 சீட்டு. அதில் மெக்கானிக் தம்பி வென்றான், அந்த ஆறும் போனது. இன்னும் இரண்டு இடம் காலி, மேஜையில் ஒரு சீட்டுகூட இல்லை.

அப்போதுதான் புரிந்தது. வாத்தியாருக்கு ஓர் இடம் வாங்க 30 ஓட்டைப் பிடுங்கியிருக்கிறேன், மெக்கானிக் தம்பிக்கு 6 ஓட்டுதான் ஆகியிருக்கிறது. ஒரே கடையில் ஒரே தேங்காயை ஒருவருக்கு 30 வெள்ளிக்கும் (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்) இன்னொருவருக்கு 6 வெள்ளிக்கும் விற்றது போல. ஏ புளோக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் போன ஆண்டு மெக்கானிக் தம்பி கேட்டதையே இந்த ஆண்டு அவர்கள் கேட்டிருப்பார்கள், அதே நியாயத்தோடு.

மறுநாள் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு மளிகைக் கடையில் 60 வெள்ளியைக் கொடுத்து 10 காசு நாணயமாக மாற்றி வந்தேன். மொத்தம் 600 நாணயம். தீபாவளிக்கு வாங்கி மீந்துபோன பண உறைகள் வீட்டில் இருந்தன. ஒவ்வொரு ஓட்டுச் சீட்டையும் ஓர் உறையில் போட்டு, கூடவே பத்து நாணயம் போட்டேன். ஓர் ஓட்டு என்றால் ஒரு வெள்ளி. 60 பேர், 60 வெள்ளி, 5 இடம். அப்படியானால் ஓர் இடத்தின் விலை 12 வெள்ளி. யார் வாங்கினாலும் 12 வெள்ளி. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

எண்ணும்போது மேஜையில் என்ன நடக்கிறது என்று அப்படியே சொல்கிறேன், நீங்களும் ஒருமுறை நாணயம் வைத்துச் செய்து பாருங்கள்.

முதல் சுற்றில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் டிக் போட்ட உறைகளில் இருக்கும் பணத்தைக் கூட்டுகிறோம். வாத்தியாரிடம் 30 உறை, 30 வெள்ளி. அவர் வென்றார். விலை 12 வெள்ளியை 30 உறைகளில் பிரித்தால் உறைக்கு 40 காசு. ஒவ்வோர் உறையிலிருந்தும் நான்கு நாணயம் எடுத்து ஒரு டின்னில் போடுகிறோம். உறைகள் மேஜையிலேயே இருக்கும். ஒவ்வொன்றிலும் இன்னும் 60 காசு இருக்கிறது. டின்னில் 12, உறைகளில் 48.

இரண்டாம் சுற்றில் தேங்காய்க்கடை அண்ணனிடம் இருப்பது 30 உறை, தலா 60 காசு, ஆக 18 வெள்ளி. டீச்சரிடம் 24 உறை, 24 வெள்ளி. நர்ஸ் அக்காவிடம் 18 வெள்ளியும் ஏ புளோக்கின் 5 உறையிலிருந்து 3 வெள்ளியும் சேர்ந்து 21. டீச்சர் வென்றார். 24 உறையிலிருந்தும் தலா 50 காசு. டின்னில் 24, உறைகளில் 36.

மூன்றாம் சுற்றில் தேங்காய்க்கடை அண்ணனின் 18 வெள்ளிதான் அதிகம். நர்ஸ் அக்காவிடம் 12, மெக்கானிக் தம்பியிடமும் 12. அண்ணன் வென்றார், ஏ புளோக்கின் 30 உறையும் மறுபடி 40 காசு கொடுத்தன. அந்த உறைகளில் இப்போது தலா 20 காசு, இரண்டே நாணயம். டின்னில் 36, உறைகளில் 24.

நான்காம் சுற்றில் மெக்கானிக் தம்பி. சி புளோக்கில் டீச்சருக்குப் போடாத 6 உறையில் முழு வெள்ளி, போட்ட 6 உறையில் தலா 50 காசு, பி புளோக்கின் 6 உறையில் தலா 50 காசு. 6 + 3 + 3 = 12. விலை சரியாக இருக்கிறது. அந்த 18 உறையும் காலி.

ஐந்தாம் சுற்றுக்கு வந்தபோது என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். லாரி மாமாவிடம் 30 உறை, தலா இரண்டு நாணயம், 6 வெள்ளி. நர்ஸ் அக்காவிடம் பி புளோக்கின் மீதி 12 உறை, தலா 50 காசு, அதுவும் 6 வெள்ளி. அப்புறம் அந்த ஐந்து உறைகள். ஏ புளோக்கிலிருந்து நர்ஸ் அக்காவுக்கும் டிக் போட்ட ஐந்து பேர். உறைக்கு இரண்டு நாணயம் வீதம் மொத்தம் பத்து நாணயம், ஒரு வெள்ளி. நர்ஸ் அக்காவுக்கு 7. அவர் வந்துவிட்டார்.

அந்தப் பத்து நாணயத்தை மேஜையில் வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த புளோக்கில் இருக்கும் ஒருவரை நல்லவர் என்று நினைத்து ஐந்து பேர் போட்ட டிக் அது. போன ஆண்டு எண்ணிக்கையில் அந்த ஐந்து டிக்கும் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. இரண்டு இடம் வாங்கிய பிறகும் அவர்கள் உறையில் 20 காசு மிச்சம் இருந்ததால்தான் கடைசி இடத்தைத் தீர்மானிக்க முடிந்தது. ஓட்டின் மதிப்பைக் காப்பாற்றுவது என்று நான் சொல்வது இந்த 20 காசைத்தான்.

கடைசி இடத்துக்கு 12 வெள்ளி சேரவில்லையே என்று கேட்பீர்கள். சேராமல் போகலாம். பணம் பல கைகளில் சிதறிக் கிடக்கும்போது இருப்பதில் யாருக்கு அதிகமோ அவருக்குக் கொடுக்க வேண்டியதுதான். இதைப் பொதுக்கூட்டத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்துவிட வேண்டும். கணக்கை முடிக்கும்போது டின்னில் 12, 12, 12, 12, 7, ஆக 55 வெள்ளி. உறைகளில் மீந்தது ஏ புளோக்கின் 25 உறையில் தலா 20 காசு, 5 வெள்ளி. 55-உம் 5-உம் 60. செலவும் இருப்பும் சேர்ந்தால் வரவு வந்துவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் இந்த வரியை எழுதாமல் அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள். எங்கேயாவது ஒரு டிக்கைத் தவறவிட்டிருந்தால் அந்த வரியில்தான் தெரியும்.

வாத்தியாருக்கு இதைப் புரியவைக்க இரண்டு மாலை ஆனது. "என்னம்மா, எனக்கு முப்பது ஓட்டு விழுது. பன்னிரண்டுதான் எனக்குன்னு எழுதுவியா?" என்றார். உறைகளைக் கொண்டுபோய் அவர் வீட்டு வராந்தாவில் பரப்பினேன். "ஐயா, உங்களுக்கு வேண்டியது பன்னிரண்டு. மீதி பதினெட்டை நான் எடுத்தால் உங்க ஆளுங்களுக்குத்தான் நட்டம். அந்தப் பதினெட்டில்தானே அண்ணன் வர்றார்" என்றேன். நாணயத்தை அவரே எண்ணிப் பார்த்தார். அதற்குப் பிறகு கூட்டத்தில் எனக்காகப் பேசியவரும் அவர்தான்.

அடுத்தது, இணையத்தில் தேடினால் உங்களுக்கு முதலில் கிடைக்கக்கூடிய இன்னொரு வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீலே சொன்னது அது. நீங்கள் டிக் போட்டவர்களில் ஒருவர் வென்றால் உங்கள் ஓட்டு பாதி, இருவர் வென்றால் மூன்றில் ஒன்று, மூவர் வென்றால் நான்கில் ஒன்று. விலை, உறை எதுவும் தேவையில்லை. எண்ண மிக எளிது. ஸ்வீடனில் 1909-இல் விகிதாசாரத் தேர்தல் வந்தபோது, ஒரு கட்சிப் பட்டியலுக்குள் யார் முதலில் என்று முடிவு செய்ய இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் 60 சீட்டையும் இந்த வழியில் எண்ணிப் பார்த்தேன். வாத்தியார், டீச்சர், தேங்காய்க்கடை அண்ணன், மெக்கானிக் தம்பி வரை ஆள் மாறவில்லை. கடைசி இடத்தில் லாரி மாமாவிடம் 30 சீட்டு, தலா மூன்றில் ஒன்று, ஆக 10. நர்ஸ் அக்காவுக்கு 9.67. லாரி மாமா வந்துவிட்டார்.

ஏன் மாறியது என்று பார்க்க, ஒவ்வொருவரும் வென்றபோது எவ்வளவு மதிப்பு குறைந்தது என்று எழுதினேன். வாத்தியாருக்கு 15. டீச்சருக்கு 12. தேங்காய்க்கடை அண்ணனுக்கு 5. மெக்கானிக் தம்பிக்கு 5. லாரி மாமாவுக்கு 2.50. ஏ புளோக்கின் மூன்று இடமும் சேர்ந்து 22.50, பி புளோக்கும் சி புளோக்கின் பாதியும் சேர்ந்து டீச்சர் ஒருவருக்கே 12. ஐந்து இடமும் நிரம்பிய பிறகு 20.50 எதற்கும் செலவாகாமல் சீட்டுகளிலேயே நிற்கிறது. தீலே இதை விலையாக நினைக்கவில்லை. ஒருவருக்கு எத்தனை ஆள் கிடைத்தால் எவ்வளவு திருப்தி என்றுதான் அவர் கணக்குப் போட்டார், அந்தக் கணக்கில் அது நியாயமான வழிதான். 60-இல் 30 பேர் இருப்பவர்களுக்கு 5-இல் 3 இடம் என்பதையும் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது, அவர்களுக்குச் சேர வேண்டியது இரண்டரை. ஆனால் ஓர் இடத்துக்கு ஒரே விலை என்று நான் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டுமானால் இந்த வழி எனக்கு உதவாது. அதனால் விட்டுவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லாருக்கும் பிடித்த ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். 59 பேர் டிக் போடுகிறார்கள், ஒருவர் மட்டும் "அவர் எப்படியும் வந்துவிடுவார், நான் எதற்கு" என்று விட்டுவிடுகிறார். பாதியாக்கும் வழியில் அடுத்த சுற்றில் 59 பேரின் ஓட்டும் அரை, ஒளித்தவரின் ஓட்டு முழுசு. இரண்டு மடங்கு. விலை வழியில் 12 வெள்ளியை 59 பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஏறக்குறைய 20 காசு. அவர்களிடம் 80 காசு இருக்கும், ஒளித்தவரிடம் ஒரு வெள்ளி. ஆதாயம் இல்லாமல் இல்லை, ஆனால் அதற்காக ஆசைப்பட்டு ஒளிக்கும் அளவுக்கு இல்லை. கூட்டத்துக்கு முன்னால் யாருக்கு எவ்வளவு விழும் என்று வாட்ஸ்அப் குழுவில் கணிப்புப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆளாளுக்கு ஒளிக்க ஆரம்பித்தால் எல்லாருக்கும் பிடித்தவரே தோற்றுப்போவார்.

விலையை எப்படி வைப்பது என்பது அடுத்த கேள்வி. மொத்த ஓட்டை இடங்களால் வகுப்பது ஒரு வழி, நான் செய்தது அதுதான். இங்கிலாந்தில் தாமஸ் ஹேர் 1850-களில் சொன்ன அளவு இது. இதில் சின்னக் குழுவுக்குக் கொஞ்சம் ஆதாயம் உண்டு, பெரிய குழுவுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 60 பேரில் 31 பேர் ஒரே அணி, மீதி 29 பேர் 10, 10, 9 என்று மூன்று அணி என்று வையுங்கள். 31 பேர் இரண்டு இடம் வாங்கி 24 வெள்ளி செலவழித்துவிட்டால் அவர்களிடம் 7 மிச்சம். மற்ற மூன்று அணியிடமும் அதைவிட அதிகம் இருக்கிறது, மூன்று இடமும் அவர்களுக்குப் போய்விடும். பாதிக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டே இடம்.

அது உங்களுக்குச் சரியில்லை என்று தோன்றினால் ஹென்றி டிரூப் காட்டிய குறைந்த விலையை எடுத்துக்கொள்ளலாம். இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுக்க வேண்டும். 60-ஐ 6-ஆல் வகுத்தால் 10, அதற்கு மேல் துளி. நான் 10 வெள்ளி 1 காசு என்று வைத்துப் பார்த்தேன். ஆறு இடத்துக்கு 60 வெள்ளி 6 காசு வேண்டும், பெட்டியில் 60 தான் இருக்கிறது, ஆகவே ஆறாவது ஆள் விலை கொடுத்து வர வழியே இல்லை. ஐந்துதான் முடியும். 31 பேர் அணிக்கு மூன்று இடத்துக்கு 30 வெள்ளி 3 காசு, அவர்களால் வாங்க முடியும். பெரும்பான்மை பெரும்பான்மையாகவே இருக்கும். எங்கள் அடுக்குமாடியில் சி புளோக் சின்னது, மூன்று ஆண்டாக அவர்களுக்கு ஆளே இல்லை, அதனால் நாங்கள் பெரிய விலையைத் தேர்ந்தோம். இரண்டு அணி சரிக்குச் சரியாக மோதும் சங்கமாக இருந்தால் நான் டிரூப் விலையைத்தான் சொல்வேன். எதுவானாலும் ஓட்டுப் போடுவதற்கு முன்பே முடிவு செய்து கரும்பலகையில் எழுதுங்கள்.

உறைகளில் இருக்கும் பணம் ஒரே அளவாக இல்லாதபோது யாரிடம் எவ்வளவு எடுப்பது? புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். ஒருவருக்கு 20 பேர் டிக். பத்து உறையில் முழு வெள்ளி, பத்து உறையில் 50 காசு. மொத்தம் 15 வெள்ளி, விலை 12. ஒரு வழி, எல்லாரிடமும் இருப்பதில் ஒரே பங்கு எடுப்பது. 12-ஐ 15-ஆல் வகுத்தால் 80 விழுக்காடு. முழு வெள்ளிக்காரர் 80 காசு, அரை வெள்ளிக்காரர் 40 காசு. இன்னொரு வழி, எல்லாரிடமும் ஒரே தொகை கேட்பது, இல்லாதவர் இருப்பதைக் கொடுப்பது. அப்படியானால் அரை வெள்ளிக்காரர் 50 காசையும் கொடுத்துக் காலியாகிவிடுவார், மற்றவர் 70 காசு கொடுப்பார். இரண்டிலும் டின்னுக்கு 12 வந்து சேர்கிறது, காசு எங்கும் ஒழுகவில்லை. சம தொகை கேட்கும் வழியைப் பின்பற்றிப் போலந்தின் வியலிச்சுகா நகரிலும் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரிலும் 2023-இல் மக்கள் ஓட்டால் நகரத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கினார்கள். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். ஏற்கெனவே செலவழித்தவரை அது முழுசாகக் காலி செய்வதில்லை, சுற்றுக்கு ஒரே ஒரு பெருக்கல் எண் போதும்.

நிஜத் தேர்தலில் எண்கள் 10 காசு நாணயத்துக்கு அடங்காது. இந்த ஆண்டு 57 பேர் வந்தார்கள். 57-ஐ 5-ஆல் வகுத்தால் விலை 11 வெள்ளி 40 காசு. முதலில் வென்றவருக்கு 26 சீட்டு. உறைக்கு 43 காசுக்கு மேல் ஒரு நீண்ட பின்னம் வந்தது. அதனால் நிஜ எண்ணிக்கையில் ஓர் ஓட்டு என்றால் 1000 புள்ளி என்று வைத்துக்கொண்டேன். அயர்லாந்தின் மேலவைத் தேர்தலில் ஒவ்வொரு சீட்டுக்கும் 1000 என்று மதிப்பு வைத்துத்தான் எண்ணுகிறார்கள், அங்கிருந்து எடுத்துக்கொண்டது. விலை 11,400. 26-ஆல் வகுத்தால் 438, பின்னத்தை விட்டுவிட்டேன். 26 முறை 438 என்றால் 11,388. வென்றவரின் இடத்துக்கு 12 புள்ளி குறைவாகத்தான் வந்தது. அந்த 12 புள்ளியும் சீட்டுக்காரர்களிடமே நிற்கிறது, எங்கும் ஓடவில்லை. செலவு 11,388, இருப்பு 45,612, மொத்தம் 57,000.

பின்னத்தை எப்போதும் ஒரே பக்கமாக விடுங்கள், எப்போதும் கீழ்நோக்கி. நம் நாட்டில் 2008-இலிருந்து கடை பில்லை 5 காசுக்கு ஒட்டி மேலேயோ கீழேயோ மாற்றுகிறார்கள், அந்தப் பழக்கம் கையில் இருக்கும். ஓட்டு எண்ணும்போது அது வேண்டாம். மேலே ஏற்றினால் சில சீட்டில் இருப்பதைவிட அதிகம் எடுக்க நேரும், வரவு செலவு வரி பொருந்தாது.

தாளில் எழுதும் விதம் எளிது. சீட்டின் பின்பக்கம், பென்சிலில், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மிச்ச மதிப்பு. 1000, அதன் கீழே 562, அதன் கீழே அடுத்தது. ஒரே மாதிரி டிக் போட்ட சீட்டுகளை ரப்பர் போட்டுக் கட்டிவிடுங்கள், கட்டுக்கு ஒரு முறை எழுதினால் போதும். எங்களுக்கு 57 சீட்டில் 19 கட்டு வந்தது. இருவர் எண்ண, ஒருவர் எழுத, ஒருவர் பார்க்க, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பார்ப்பவர் தோற்கக்கூடிய அணியிலிருந்து இருக்கட்டும். எங்களுக்கு லாரி மாமா உட்கார்ந்தார், இரண்டு இடத்தில் என் கூட்டலைத் திருத்தினார்.

உங்களுடையது பதிவு பெற்ற சங்கம் என்றால் ஒன்று கவனிக்க வேண்டும். சட்டவிதியில் தேர்தல் முறை எழுதியிருக்கும். அதை மாற்றப் பொதுக்கூட்டத் தீர்மானமும் சங்கப் பதிவிலாகாவின் ஒப்புதலும் வேண்டும். அது வரும் வரை புது முறையில் தேர்தல் வைக்காதீர்கள், யாராவது ஒருவர் ஆட்சேபித்தாலும் செயலவையே செல்லாமல் போய்விடலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் போன்ற ஒற்றைப் பதவிகளுக்கு இந்த முறை பொருந்தாது. ஓர் இடம் மட்டும் இருக்கும்போது பங்கிட ஒன்றும் இல்லை. சாதாரண உறுப்பினர் இடங்களுக்கு மட்டும் வையுங்கள்.

கூட்டத்தன்று எண்ணி முடித்ததும் தாளை மண்டபத்துச் சுவரில் ஒட்டினேன். மெக்கானிக் தம்பி வந்து சி புளோக்கின் கட்டுகளைத் தேடி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினான். 1000. அதன் கீழே 1000. அதன் கீழே 521. கடைசியில் 0. "இங்கதான் போச்சா அக்கா" என்றான். "ஆமாம்பா, அங்கதான்" என்றேன். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நாற்காலி அடுக்கப் போனான்.